தாக்குபவருக்கு ஒரு நோட்டீஸ்

சத்யபிரியாவிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. இடது மணிக்கட்டை ஒருவன் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றால் என்ன செய்வது? ஐந்து நிமிடத்தில் பதில் தெரிந்துவிடும், இறங்கி மார்க்கெட்டுக்குப் போய்விடலாம் என்ற நினைப்பில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவள் மேற்குத் தாம்பரத்தில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்த தென்புறநகர் நின்றநிலைத் தற்காப்புச் சம்மேளனத்தின் மாடிப்படியில் ஏறினாள்.

பிடித்தவன் பெயர் அவளுக்குத் தெரியாது. கீழ்க்கட்டளையில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வேலை முடித்து, மேடவாக்கத்தில் பஸ் மாறி, ராஜகீழ்ப்பாக்கத்தில் ஆறு மணிக்கு இறங்குவாள். வீட்டுக்குப் போகும் தெருவில், சுற்றுச்சுவர் மட்டும் எழுப்பிய ஒரு காலி மனையை ஒட்டிச் சிவப்பு பைக்கில் அவன் உட்கார்ந்திருப்பான். ஹெல்மெட் எப்போதும் முழங்கையில் தொங்கும், தலைக்கு ஏறி அவள் பார்த்ததில்லை. அதனால் மனசுக்குள் ஹெல்மெட்காரன் என்று பெயர் வைத்திருந்தாள். முதல் வாரம் பார்த்தான். இரண்டாம் வாரம் பாட்டு முணுமுணுத்தான். போன செவ்வாய்க்கிழமை எட்டி மணிக்கட்டைப் பிடித்து, "பேரச் சொல்லிட்டுப் போ. வுட்டுடறேன்" என்றான். அவள் சொல்லவில்லை. பால் பாக்கெட்டோடு ஒருவர் கடந்து போனார், இரண்டு பள்ளிப் பிள்ளைகள் கடந்து போனார்கள். நன்றாக வெளிச்சம் இருக்கும் நேரம். அவனே சிரித்து விட்டுவிட்டான்.

வீட்டில் சொல்ல முடியாது. பெரியப்பா மகள் சந்திரிகா பஸ்ஸில் ஒருவன் இடித்தான் என்று வீட்டில் சொன்ன மறுநாளே அவள் வேலையை நிறுத்திவிட்டார்கள். மூன்றாம் மாதம் கல்யாணமும் ஆகிவிட்டது. இடித்தவன் இன்னமும் அதே பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்துகொண்டிருக்கிறான். சத்யபிரியாவுக்கு அந்த பில் மெஷினும் ஒன்பது மணிக்கு ஓடிப் பிடிக்கும் பஸ்ஸும் வேண்டும். அவை இல்லாமல் நாள் முழுக்க வீட்டுக்குள் சுற்றிவந்த ஒரு வருடத்தை அவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திய வருடம் அது.

சம்மேளனத்தில் நாற்காலி கிடையாது. நின்ற நிலையிலேயே எதிரியைப் பிடித்து வீழ்த்துவது அதன் கொள்கை. ஆகவே வளாகத்துக்குள் எவரும் உட்காரக் கூடாது என்று பொதுக்குழுவில் தீர்மானம் போட்டிருந்தார்கள். தலைவர் அறையில் மட்டும் ஒரு சுழல் நாற்காலி இருந்தது. அது மூட்டுவலிக்காக, மருத்துவச் சான்றிதழ் வைத்து வாங்கப்பட்டது.

பதிவாளர் காமு, உயரமான ஒரு மேசைக்குப் பின்னால் ஒரு கால் மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருந்தார். கேள்வியை முழுக்கக் கேட்டார். நல்ல கேள்வி என்றுகூடச் சொன்னார்.

"ஆனா அதை இங்க கேக்கப்படாதும்மா. ஏழாவது மாசம் சந்தேக நிவர்த்தி வகுப்புன்னு ஒண்ணு வரும். அதுல கேக்கணும்."

"பயிற்சி எத்தனை மாசம் மேடம்?"

"நாலு."

ஒன்பது பக்க விண்ணப்பத்தைத் தள்ளினார். நான்காம் பக்கத்தின் தலைப்பு, தாக்குபவர் விவரம். பெயர், உயரம், எடை, தாக்கும் இடம், தாக்கும் நேரம், பழக்கமான கை. பெயர் தெரியாது என்று எழுதினாள். இடமும் நேரமும் எழுதினாள். சிவப்பு பைக், முழங்கையில் ஹெல்மெட் என்று அடையாளமும் எழுதினாள். இவ்வளவு விவரம் கேட்கிறார்களே, நிச்சயம் ஏதோ செய்யப்போகிறார்கள் என்று அவளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. எடைக்குச் சுமாராக எழுபத்தைந்து என்று போட்டாள்.

காமு மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "நீ நாப்பத்தாறு. அவர் எழுபத்தஞ்சு. அஞ்சு கிலோ வித்தியாசத்துக்கு மேல ஒருத்தரை ஒருத்தர் பிடிக்கக் கூடாதுன்னு நம்ம விதி இருக்கு. அவர் உன்னைப் பிடிச்சதே செல்லாது."

செல்லாத பிடிக்கு மணிக்கட்டில் ஏன் நான்கு விரல் தடம் விழுந்தது என்று கேட்க அவளுக்கு வாய் வந்தது. கேட்கவில்லை. பள்ளிக்கூடத்திலும் அவளுக்கு இதே கதைதான்.

வீட்டில், வேலை பார்க்கும் கடையில் எல்லாப் பெண்களும் இந்தப் பயிற்சிக்குப் போக வேண்டுமாம் என்று ஒரு பொய் சொன்னாள். அம்மா அங்காளம்மாள், ஞாயிற்றுக்கிழமையும் வுடமாட்டானுங்களா என்று கடைக்காரரைத் திட்டிவிட்டு அனுப்பிவைத்தார்.

முதல் ஆறு வாரமும் நிற்கக் கற்றுக்கொடுத்தார்கள்.

தரை விரிப்பில் மஞ்சள் பெயின்ட்டால் பாதங்கள் வரையப்பட்டிருந்தன. அவற்றின் மேல் பாதத்தை வைத்து நிற்க வேண்டும். வரைந்தவர் தன் காலை வைத்து வரைந்திருப்பார் போல, ஒவ்வொன்றும் அவள் காலைப் போல ஒன்றரை மடங்கு. குப்புராஜ் மாஸ்டர் கழுத்தில் விசிலோடு குறுக்கும் நெடுக்கும் நடந்து, பாதம் கோட்டைத் தாண்டினால் பிரம்பால் கோட்டைத் தட்டுவார். அடுத்த வாரமாவது ஏதாவது வரும் என்று சத்யபிரியா ஒவ்வொரு ஞாயிறும் காத்திருந்தாள். அவள் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே இருப்பதைப் பார்த்து, "கைய ஏம்மா நோண்டிகினே கீற? இப்ப நம்ம பாடம் காலு" என்றார் மாஸ்டர்.

ஆறாம் வாரம் தலைவர் யக்ஞநாராயணன் உரையாற்றினார். ஏதோ ஒரு துறையில் பதிவுருக்களைப் பாதுகாக்கும் பிரிவில் முப்பத்திரண்டு வருடம் இருந்து ஓய்வுபெற்றவர். அவரை ஒருவரும் ஒருநாளும் பிடித்ததில்லை என்பதைப் பெருமையாகச் சொல்லித்தான் தொடங்கினார்.

"இந்தச் சம்மேளனம் தொடங்கிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. இந்தப் பதினோரு ஆண்டுகளில் நமது வளாகத்துக்குள் ஒரு பெண்மீதுகூடத் தாக்குதல் நடந்ததில்லை. நமது முறையின் வெற்றிக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? வெளியில் நடப்பவை நமது அதிகார எல்லைக்கு அப்பாற்பட்டவை. அவற்றை நினைத்து நாம் மனம் தளர்ந்துவிடக் கூடாது."

எல்லோரும் நின்றுகொண்டே கைதட்டினார்கள்.

அந்த வாரம் புதன்கிழமை ஹெல்மெட்காரன் மறுபடி பிடித்தான். சத்யபிரியா பதறாமல் கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்தாள், முழங்காலை லேசாக மடித்தாள், முதுகை நிமிர்த்தினாள். ஆறு வாரத்துப் படிப்பு அத்தனையும் அதில் இருந்தது. அவன் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தான்.

"இன்னா, பஸ்ஸுக்கு நிக்கிறியா? ஸ்டாப்பிங் அந்தப் பக்கம் கீது." அதற்கப்புறம், "பேரச் சொல்லு. தோ, வுட்டுடறேன்."

அவள் சொல்லவில்லை. அந்த ஒன்று மட்டும் அவளிடம் இருந்தது. அதைக் கொடுத்துவிட்டால் தெருமுனையிலிருந்தே கூப்பிடுவான், வீட்டு வாசல் வரை கூப்பிட்டுக்கொண்டே வருவான் என்று அவளுக்குத் தெரியும். இந்த முறை அவன் விடுவதற்கு முந்தின முறையைவிட நேரம் ஆனது. ராத்திரிச் சாப்பாட்டில் கை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தது, வாய்க்குப் போகவில்லை.

ஏழாம் வாரம் வீழ்த்தும் பாடம் வந்தது. சட்டைக் கையை ஒரு கையால் பிடி, கழுத்துப்பட்டையை மறு கையால் பிடி, இடுப்பைத் திருப்பு, இழு. மாஸ்டர் விசில் ஊதியதும் எதிரி விழ வேண்டும். எதிரியாக வந்து நின்றவன் ஜெஃப்ரி. குரோம்பேட்டைக்காரன், இருபத்தேழு வயது, போன மாதம்தான் கல்யாணம் ஆனவன். சம்மேளனத்தில் அவன் பதவியின் பெயர் விழுநர். அவனுக்கு முன்னால் மாணவிகள் ஒருவரையொருவர் வீழ்த்தித்தான் பழகினார்களாம். ஒரு நாள் ஒரு பெண்ணின் கண்ணாடி உடைந்துபோக, செயற்குழு கூடி, இனி வளாகத்தில் விழும் அதிகாரம் ஒருவருக்கு மட்டுமே என்று முடிவெடுத்துவிட்டது. காப்பீடும் அவனுக்கு மட்டும்தான்.

சத்யபிரியா முறை வந்தது. ஜெஃப்ரியின் சட்டைக் கையை இரண்டு விரலால் தொட்டாள். கழுத்துப்பட்டையைத் தேடிக்கொண்டிருந்தாள். விசில் ஊதியது. ஜெஃப்ரி காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளங்கையால் விரிப்பை ஓங்கி அறைந்து, மல்லாந்து விழுந்தான். கீழே பேக்கரியில் கண்ணாடி ஜாடிகள் குலுங்கின.

"சார், நான் இன்னும் இழுக்கலை."

"இழுத்துட்டம்மா. பாஸ். நெக்ஸ்ட்டு."

"நிஜமாவே இழுக்கலை சார்."

"அவன் வுழுந்தானா இல்லியா? வுழுந்தான். நீ இழுக்காம அவன் எப்டி வுழுவான்? அடுத்த பொண்ணு வாம்மா."

அன்றைக்கு இருபத்தாறு பெண்கள் ஜெஃப்ரியை வீழ்த்தினார்கள். அதில் ஒருவர் அறுபது வயசு. இன்னொருவர் போனில் பேசிக்கொண்டே வீழ்த்தினார். எல்லோர் முகத்திலும் ஒரு தெம்பு வந்திருந்தது. படியிறங்கும்போது இனி ஒருத்தன் கிட்ட வரட்டும் என்று சொல்லிக்கொண்டே போனார்கள். சத்யபிரியா மட்டும் இறங்கவில்லை.

வகுப்பு முடிந்து விரிப்பைச் சுருட்டிக்கொண்டிருந்த ஜெஃப்ரியிடம் போய், ஒரே ஒரு தடவை நிஜமாக என் கையைப் பிடியுங்கள், விடாதீர்கள், நான் விடுவித்துக்கொள்ள முடிகிறதா என்று பார்க்க வேண்டும் என்று கேட்டாள். இவ்வளவு நீளமாக அவள் ஒரு அந்நிய ஆணிடம் பேசியதே இல்லை.

ஜெஃப்ரி சுற்றுமுற்றும் பார்த்தான். "மேடம், என் வேலை விழுறது. பிடிக்கிறது வேற போஸ்ட். அது நாலு வருஷமா காலியா இருக்கு. ஆளைப் போடச் சொல்லி எழுதிட்டேதான் இருக்காங்க."

"ஒரே ஒரு தடவை."

"நான் பிடிச்சு, நீங்க விடுவிச்சுக்க முடியலைன்னா? நாளைக்கு இங்க எல்லாரும் பிடிக்கச் சொல்வாங்க. யாருமே பாஸ் ஆக மாட்டாங்க மேடம். நான் விழுறதாலதான் இந்த இடமே நிக்குது." அவன் அதைக் கர்வமாகச் சொல்லவில்லை, முதுகைத் தடவிக்கொண்டுதான் சொன்னான்.

பதினான்காம் வாரம் ஒரு வியாழக்கிழமை. சத்யபிரியா பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவுக்குள் திரும்பியபோது சிவப்பு பைக்குக்குப் பக்கத்தில் ஜெஃப்ரி நின்றிருந்தான். ஒரு நொடி அவளுக்கு உடம்பெல்லாம் லேசானது. சம்மேளனம் கடைசியில் ஆளை அனுப்பிவிட்டது. கிட்டே போனதும்தான் ஜெஃப்ரி கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருப்பதும், ஹெல்மெட்காரன் பெட்ரோல் டேங்க்மேல் அதை வைத்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பதும் தெரிந்தது. ஜெஃப்ரி அவள் முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்தபடி பஸ் ஸ்டாப் பக்கம் நடந்துவிட்டான்.

ஹெல்மெட்காரன் ஒரு கடிதத்தை ஆட்டிக் காட்டினான்.

"எனக்கு லெட்டர்லாம் வந்துகீது, பாத்தியா? கவர்மென்ட்டு சீல் மாறி பெருசா கீது." எழுத்துக்கூட்டிப் படித்தான். "விண்ணப்பதாரர் செல்வி சத்யபிரியா. பன்னெண்டு, பாலவிநாயகர் தெரு." நிமிர்ந்தான். "நாலு மாசமா பேரு ஒண்ணுதான் கேட்டேன். டோர் நம்பரோட குட்த்துட்டானுங்க."

அன்றைக்கு அவன் கையைப் பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டிய தேவை அவனுக்கு இல்லை. அவள் நடந்தபோது பின்னாலிருந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான், சும்மா, ருசி பார்ப்பதுபோல. அவள் வீட்டுக்கு நேராகப் போகாமல் இரண்டு தெரு சுற்றிப் போனாள். பன்னிரண்டாம் எண் அவன் கையில் இருக்கும்போது எத்தனை தெரு சுற்றினால் என்ன என்பது நடந்து முடித்த பிறகுதான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை தலைவர் அறைக்குள் நேராகப் போய் நின்றாள். காமுவும் கூட வந்தார். யக்ஞநாராயணன் சுழல் நாற்காலியில் அரைச் சுற்றுச் சுற்றி அவளைப் பார்த்தார். குரலில் கோபமே இல்லை. மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதுபோலப் பேசினார்.

"விதி பதினாலு, குழந்தே. செயல்முறைத் தேர்வுல நீ வீழ்த்தப்போறது அவரை. ஒரு தரப்பை மட்டும் கேட்டுண்டு இன்னொருத்தரைத் தள்ளிவிட முடியுமா? அவருக்கும் சந்தர்ப்பம் குடுக்கணுமோல்லியோ? முன்னறிவிப்பு இல்லாம ஒருத்தரை வீழ்த்தினா அது வன்முறை. முன்னறிவிப்போட வீழ்த்தினாத்தான் அது தற்காப்பு."

"என் பேரு, அட்ரஸ் எல்லாம் போட்டிருக்கீங்க சார்."

காமுதான் பதில் சொன்னார். "விண்ணப்பதாரர் பேர் இல்லாம எப்படிம்மா நோட்டீஸ் அனுப்பறது? மொட்டைக் கடுதாசின்னு சொல்லிட மாட்டாரா அவர்?"

"அவர் ரொம்ப மரியாதையா ஒப்புதல் கையெழுத்துப் போட்டிருக்கார்" என்றார் தலைவர். "தேதி, நேரம், எல்லாம். பதினோரு வருஷத்துல இப்படி ஒரு ஒத்துழைப்பை நான் பார்த்ததில்லை. நீ கொடுத்துவெச்சவ."

அடுத்த ஞாயிறு காலை பதினோரு மணிக்குத் தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் செயல்முறைத் தேர்வும் ஆண்டுவிழாவும். பெற்றோரில் ஒருவர் கட்டாயம் வர வேண்டும். அங்காளம்மாள் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து மூன்றாம் வரிசையில் நின்றார். பார்வையாளர்களுக்கும் நாற்காலி போடவில்லை. மண்டபத்து நாற்காலிகளை எல்லாம் ஒரு அறையில் அடுக்கிப் பூட்டிவைத்திருந்தார்கள்.

ஹெல்மெட்காரன் வெள்ளைச் சட்டையில் இரண்டு நண்பர்களோடு வந்தான். காமு அவனை வாசலில் வரவேற்று, சட்டையில் தாக்குபவர் என்று அச்சடித்த பட்டையைக் குத்திவிட்டார். மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள். மற்ற இருபத்தைந்து பெண்களும் தாக்குபவர் பகுதியில் தெரியாது என்று எழுதியிருந்ததால் அவர்களுக்கெல்லாம் ஜெஃப்ரிதான். அவர்கள் வரிசையாக வந்து அவனை வீழ்த்திச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனார்கள். கடைசியாக சத்யபிரியாவை அழைத்தார்கள்.

மாஸ்டர் ஹெல்மெட்காரனிடம் கேட்டார். "வழக்கமா எந்தக் கைப்பா?"

"பொண்ணோட லெஃப்ட்டு கை."

"எப்பவும் எப்டிப் புடிப்பியோ அப்டியே புடி. கேமராவ பாக்காத."

அவன் பிடித்தான். இருநூறு பேர் பார்க்க, பொன்னாடையோடு, விதிப்படி. சத்யபிரியா மூன்றாம் வரிசையில் அம்மா முகத்தைத் தேடினாள். அம்மாவின் முகத்தில் இன்னும் வேடிக்கை பார்க்கும் சிரிப்புத்தான் இருந்தது. இதுவும் பாடம் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

சத்யபிரியா அவன் சட்டைக் கையைப் பிடித்தாள், கழுத்துப்பட்டையைப் பிடித்தாள், இடுப்பைத் திருப்பினாள், இழுத்தாள். கோயில் தூணை இழுத்ததுபோல இருந்தது. விசில் ஊதியது. மேடையின் ஓரத்தில் தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்த ஜெஃப்ரி, காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளங்கையால் பலகையை ஓங்கி அறைந்து, மல்லாந்து விழுந்தான்.

மண்டபமே கைதட்டியது. மாஸ்டர் ரெஜிஸ்டரில் டிக் போட்டார். தலைவர் சான்றிதழை நீட்டினார். சத்யபிரியாவால் வாங்க முடியவில்லை. இடது கை ஹெல்மெட்காரனிடம் இருந்தது, வலது கை அதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"விடச் சொல்லுங்க சார்."

மாஸ்டர் ரெஜிஸ்டரைப் புரட்டினார். "அவரு வுடணும்னு ரூல் இல்லம்மா. வுழணும்னுதான் ரூல். வுழுந்தாச்சு."

"யாரு வுழுந்தா?" என்றான் ஹெல்மெட்காரன். "நான் நின்னுகினுதானே கீறேன்?" நண்பர்கள் கீழேயிருந்து விசிலடித்தார்கள். அவன் இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான். "சத்யபிரியா. நாளைலேர்ந்து நடந்து போவாத. வண்டில ஏறிக்க. டோர் நம்பர் பன்னெண்டுதானே, வுட்டுட்டு வரேன்."

மாஸ்டர் இரண்டாம் முறை விசில் ஊதினார். எழுந்து நின்ற ஜெஃப்ரி மறுபடி விழுந்தான். போட்டோகிராபர், சார் இந்தப் பக்கம், கொஞ்சம் சிரிங்க என்று கேட்க, ஹெல்மெட்காரன் பிடியை விடாமல் ஒரு காலை மேடை விரிப்பின் விளிம்பில் வைத்துக் கேமராவுக்குத் திரும்பி நின்றான். தலைவர் சான்றிதழை நீட்டியபடியே போஸ் கொடுத்தார். அப்போதுதான் அங்காளம்மாளின் முகத்தில் சிரிப்பு நின்றது. அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடையை நோக்கி வருவதை சத்யபிரியா பார்த்தாள். எல்லாம் தெரிந்துவிட்டது, நாளைக்கு ஒன்பது மணி பஸ் போய்விட்டது என்று நினைத்தாள். அந்த நினைப்பில் கால் இரண்டும் துவண்டன. பதினாறு வாரமாக மஞ்சள் பாதங்கள்மேல் நின்ற கால்கள்.

அவள் உட்கார்ந்துவிட்டாள்.

யோசித்துச் செய்ததில்லை. நாற்பத்தாறு கிலோவும் ஒரே மூச்சில் தரைக்குப் போனது. அவள் மணிக்கட்டைத் தன் சொத்துபோல இறுக்கிப் பிடித்திருந்தவன் அதோடு சேர்ந்து முன்னால் சாய்ந்தான். விளிம்பில் இருந்த கால் வழுக்கியது. மூஞ்சியைக் காப்பாற்றிக்கொள்ள இரண்டு கையும் வேண்டியிருந்ததால் பிடியை விட்டான், விட்டும் நேரம் போதவில்லை. அவள் தலைக்குமேல் பறந்து மேடைப் பலகையில் முகம் குப்புற விழுந்தான். சத்தமே வேறு மாதிரி இருந்தது. ஜெஃப்ரி போட்ட சத்தம்போல அழகாக இல்லை, மாவு மூட்டையை இறக்கியதுபோல இருந்தது. மூக்கிலிருந்து ரத்தம் பொன்னாடையில் சொட்டியது. மண்டபத்தில் ஒருவரும் கைதட்டவில்லை. ஜெஃப்ரி மட்டும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். அத்தனை வருடத்தில் அவன் பார்த்த முதல் விழுதல் அது.

செயற்குழு நாற்பது நிமிடம் கூடிப் பேசியது. பிறகு யக்ஞநாராயணன் ஒலிபெருக்கியின் முன் வந்தார்.

"மிகுந்த வேதனையோடு அறிவிக்கிறேன். தேர்வர் சத்யபிரியா, விசில் ஊதிய அளவில் தேர்ச்சி பெற்றிருந்தார். அதன் பின்னர் அவர் அமர்ந்துவிட்டார். இது நின்றநிலைச் சம்மேளனம். அமர்ந்து பெறும் பாதுகாப்பைப் பாதுகாப்பாக ஏற்க நமது சட்டதிட்டங்களில் இடமில்லை. அவரது தேர்ச்சி ரத்து செய்யப்படுகிறது. மேலும், விழும் அதிகாரம் இல்லாத ஒருவரை அவர் விழவைத்திருக்கிறார். அதற்காகத் தாக்குபவரிடம் சம்மேளனம் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறது."

மூக்கில் பஞ்சோடு நின்றிருந்த ஹெல்மெட்காரன் தலையாட்டினான்.

"அதே சமயம் ஒரு நற்செய்தி. இந்த இளைஞர் நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடிகள் ஒரு பெண்ணின் மணிக்கட்டை விடாமல் பிடித்திருந்ததை நாம் அனைவரும் கண்டோம். இத்தகைய அர்ப்பணிப்பை நான் என் பணிக்காலத்திலும் கண்டதில்லை. நான்கு ஆண்டுகளாகக் காலியாக உள்ள பிடிப்பவர் பணியிடத்துக்கு, நாளை முதல், இவரை ஏகமனதாக நியமிக்கிறோம். வார நாள் வகுப்புகளில், மாலை ஐந்தரை முதல் ஏழரை வரை. வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும்."

இப்போது கைதட்டினார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மாவும் மகளும் நின்றுகொண்டே வந்தார்கள். கேம்ப் ரோடு தாண்டிய பிறகு அங்காளம்மாள் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்.

"எத்தினி நாளா?"

"நாலு மாசத்துக்கு மேல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சந்திரிகா அக்காவ நிறுத்தினாங்களே."

 அம்மா கம்பியைப் பிடித்திருந்த கையை மாற்றிக்கொண்டார். "நீ சொல்லியிருந்தா நானும் அதத்தான் சொல்லியிருப்பேன்" என்றார் கடைசியில். "ஆனா வுழுந்தது அவன். நீ இன்னாத்துக்கு வேலைய வுடணும்?"

திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்குக் காலி மனைச் சுவரை ஒட்டி யாரும் இல்லை. செவ்வாயும் இல்லை. சிவப்பு பைக் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. அவள் தெருவின் நடுவில் நடந்தாள். நான்கு மாதமாக வேண்டியது இதுதான், அப்படியே கிடைத்துவிட்டது. ஆனாலும் வீட்டுக்குப் போனால் உட்கார முடியவில்லை, எழுந்து எழுந்து வாசலுக்கு வந்தாள். மணி ஆறேகால் என்றால் இந்நேரம் அவன் சம்மேளனத்தில் ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அவள் தானாகப் படியேறி வந்து கையை நீட்டியிருப்பாள். அவளுடைய பெயரும் கதவு எண்ணும் நான்காம் பக்கத்துக்கு முன்னால் முதல் பக்கத்திலேயே இருக்கும். விசில் ஊதினால் ஜெஃப்ரி விழுவான்.

புதன்கிழமை அவள் ராஜகீழ்ப்பாக்கத்தில் இறங்கவில்லை. தாம்பரம் வரை டிக்கெட் எடுத்தாள்.

பேக்கரி வாசலில் நின்றாள். என்ன சொல்வது, யாரிடம் சொல்வது என்று அவளுக்குத் தெரியாது. இரண்டு பேர் ஏறிப் போய்விட்டார்கள், அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. மூன்றாவதாக நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வந்தார். தோளில் திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டு, கையில் அதே ஒன்பது பக்க விண்ணப்பம். படியில் ஒரு காலை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"இங்கதானே தற்காப்புக் கிளாஸ்? எனக்கு ஒண்ணே ஒண்ணுதாம்மா தெரியணும். எங்க ஸ்கூல் பக்கத்துல ஒரு ஆளு..." அவர் முடிக்காமல் தன் வலது மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார். "ஒரே ஒரு கேள்வி. அஞ்சு நிமிஷத்துல சொல்லிடுவாங்கல்ல?"

சத்யபிரியா கைப்பையைப் பேக்கரிப் படியில் வைத்தாள். போகிற வருகிற ஜனம் பார்க்கட்டும் என்று எட்டி அந்த டீச்சரின் மணிக்கட்டைப் பிடித்தாள். அவர் திடுக்கிட்டு, பிறகு லேசாகச் சிரித்து, கையை இழுத்துப் பார்த்தார். வரவில்லை. இன்னொரு முறை இழுத்தார். சிரிப்பு போய்விட்டது.

"விடும்மா, வலிக்குது."

"விட மாட்டேன் டீச்சர்" என்றாள் சத்யபிரியா. பிடியை இன்னும் இறுக்கினாள். "நிஜமாத்தான் பிடிச்சிருக்கேன். நீங்கதான் விடுவிச்சுக்கணும்."